ஹார்சா, ஹெங்கிஸ்ட், ஹமில்கர்: போர்க் கிளைடர்கள் தாங்கிய பெயர்களுக்கு உரியவர்கள் யார்?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பயன்படுத்திய கிளைடர்களைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். எஞ்சின் இல்லாமல், வேறொரு விமானத்தின் பின்னால் கயிற்றில் கட்டி இழுத்துச் செல்லப்பட்டு, இலக்கு நெருங்கியதும் கயிற்றைக் கழற்றிவிட்டு, இருளில் ஓசையின்றி இறங்கிய அந்த ஊர்திகள் என் மனத்தைப் பிடித்துக்கொண்டன. சென்ற வாரம்தான் ஹார்சா கிளைடரின் 72-இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியை ஒட்டி முடித்தேன். இறக்கையில் கறுப்பு வெள்ளைப் பட்டைகளை வரைந்துகொண்டிருந்தபோது, இத்தனை நாளாக நான் உச்சரித்து வரும் இந்த ஹார்சா என்பது யாருடைய பெயர் என்று எனக்கே தெரியவில்லை என்பது உறைத்தது.

தேடிப் பார்த்தபோது பழங்கால இங்கிலாந்தின் தலைவன் ஒருவனின் பெயர் என்று ஓரிடத்திலும், அப்படி ஒருவன் வாழ்ந்ததே இல்லை என்று வேறோர் இடத்திலும் படித்தேன். ஹெங்கிஸ்ட், ஹமில்கர், ஹாட்ஸ்பர், ஹேட்ரியன் என்று மற்றக் கிளைடர்களின் பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குவது தற்செயலாக இருக்க முடியாது. இவர்கள் யார், இந்தப் பெயர்களை எந்த அடிப்படையில் சூட்டினார்கள், பெயருக்கும் அந்த ஊர்தி செய்த வேலைக்கும் ஏதேனும் பொருத்தம் இருக்கிறதா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

மறுமொழி 1

வணக்கம் நண்பரே. பெயரிடும் முறையை மட்டும் நான் சொல்கிறேன். தொன்மக் கதைகளை என்னைவிட நன்கு அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

பிரிட்டனில் அந்நாளில் விமானங்களுக்கு வகைவாரியாகப் பெயர் சூட்டும் வழக்கம் இருந்தது. குண்டுவீச்சு விமானங்களுக்கு லங்காஸ்டர், ஹாலிஃபாக்ஸ், ஸ்டிர்லிங் என ஊர்ப் பெயர்கள் வைக்கப்பட்டன. பயிற்சி விமானங்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, ஹார்வர்டு போன்ற கல்விக்கூடங்களின் பெயர்கள் வந்தன. கிளைடர்களுக்குப் பழைய படைத்தலைவர்களின் பெயர்கள் ஒதுக்கப்பட்டன, அவையும் ஆங்கிலத்தின் எட்டாம் எழுத்தில் தொடங்கும்படி தேர்ந்தெடுக்கப்பட்டன. அமெரிக்காவின் வாக்கோ நிறுவனம் வடிவமைத்து, 13,000-க்கும் மேல் கட்டப்பட்ட கிளைடருக்கு அமெரிக்கர்கள் சி.ஜி.-4ஏ என்று எண்ணை மட்டுமே கொடுத்திருந்தார்கள். அது பிரிட்டிஷ் படைக்கு வந்து சேர்ந்தவுடன் இந்த வழக்கப்படி ஹேட்ரியன் ஆகிவிட்டது. கி.பி. 117 முதல் 138 வரை உரோமை ஆண்டு, பிரிட்டனின் வடபகுதியில் தம் பெயரால் நிற்கும் நெடுஞ்சுவரைக் கட்டுவித்த பேரரசர் அவர்.

ஹாட்ஸ்பர் என்பது பட்டப்பெயர். ஹென்றி பெர்சி என்ற அந்த வீரர் குதிரையைக் குதிமுள்ளால் ஓயாமல் குத்தி விரட்டும் வேகத்துக்குப் பெயர் போனவர், 1403-இல் ஷ்ரூஸ்பரி போரில் மாண்டார். அவர் பெயர் தாங்கிய சிறு கிளைடரோ போருக்குப் போகவில்லை. ஏறத்தாழ ஆயிரம் கட்டப்பட்டு, விமானிகளைப் பழக்குவதற்கே பயன்பட்டன.

இன்னொரு செய்தியும் உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். இந்தப் பெயர்களில் மூன்று, கிளைடர்களுக்குப் பத்தாண்டுகள் முன்பே வானில் பறந்தவை. இம்பீரியல் ஏர்வேஸ் நிறுவனத்துக்காக ஹேண்ட்லி பேஜ் கட்டிய நான்கு எஞ்சின் பயணிகள் விமானங்கள் மொத்தம் எட்டு. அவற்றுக்கு ஹானிபல், ஹான்னோ, ஹேட்ரியன், ஹார்சா, ஹெராக்லிஸ், ஹொரேஷியஸ், ஹெங்கிஸ்ட், ஹெலினா என்று பெயர் வைத்திருந்தார்கள். அண்ணனும் தம்பியுமாகச் சொல்லப்படும் ஹெங்கிஸ்டும் ஹார்சாவும் அங்கேயும் ஒன்றாகவே இருந்தார்கள்.

மறுமொழி 2

கேள்வி கேட்ட நண்பருக்கும் முதல் மறுமொழி தந்தவருக்கும் என் வணக்கம். ஹெங்கிஸ்ட், ஹார்சா கதை நான் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்து வருவது, ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உரோமர்கள் பிரிட்டனை விட்டு அகன்ற பின், ஐந்தாம் நூற்றாண்டின் நடுவில், வடக்கிலிருந்து வந்த பகைவர்களைத் தடுக்க வலுவில்லாத வோர்ட்டிகெர்ன் என்ற மன்னன், கடலுக்கு அப்பாலிருந்த சாக்சன் மக்களைக் கூலிப்படையாக அழைத்தான் என்பது கதையின் தொடக்கம். அழைப்பை ஏற்று மூன்றே மரக்கலங்களில் வந்திறங்கியவர்களின் தலைவர்கள்தாம் இந்த இரு உடன்பிறந்தார். முதலில் மன்னனுக்காகப் போரிட்டவர்கள், நாட்டின் வளத்தையும் நாட்டாரின் மெலிவையும் கண்டுகொண்டு, தம் ஊரிலிருந்து மேலும் ஆட்களை வரவழைத்து, அழைத்தவனையே எதிர்த்தார்கள். ஆங்கிலோ-சாக்சன் குறிப்பேடு என்ற பழைய ஆண்டுவரிசை நூலின்படி 455-இல், இன்றைய எயில்ஸ்ஃபோர்டு என்று கருதப்படும் இடத்தில் நடந்த போரில் ஹார்சா வீழ்ந்தான். ஹெங்கிஸ்ட் உயிர் தப்பித் தன் மகனோடு, இங்கிலாந்தின் தென்கிழக்கிலுள்ள கெண்ட் நாட்டின் ஆட்சியைக் கைப்பற்றினான்.

இவர்கள் உண்மையில் வாழ்ந்தார்களா என்ற கேள்விக்கு நூல்களின் காலவரிசையைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கில்டாஸ் என்ற துறவி மூன்று மரக்கலங்களைச் சொல்கிறார், தலைவர்களின் பெயரைச் சொல்லவில்லை. 731-இல் தம் திருச்சபை வரலாற்றை முடித்த பீட் என்ற துறவிதான் பெயர்களைத் தருகிறார், அவரும் தாமாக உறுதி கூறாமல் 'என்று சொல்லப்படுகிறது' என்ற தொனியிலேயே எழுதுகிறார். அவர்களின் வழிமரபை அவர் மேல்நோக்கி அடுக்கும்போது நான்காம் தலைமுறையில் வோடன் என்ற தெய்வம் வந்து நிற்கிறது. ஒரு குலத்தின் வேர் தெய்வத்தில் போய் முடிந்தால், அது ஆவணத்தில் இருந்து எடுத்ததாக இருக்காது, பாட்டிலும் வாய்மொழியிலும் வந்ததாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

பெயர்களின் பொருளைப் பார்த்தால் ஐயம் இன்னும் வலுக்கும். பழைய ஆங்கிலத்தில் ஹெங்கெஸ்ட் என்றால் ஆண் குதிரை, ஹார்ஸ் என்றால் குதிரை. ஆக, இவர்கள் 'பொலிகுதிரை'யும் 'குதிரை'யுமாகிய உடன்பிறந்தார்! ஜெர்மனியின் வடபகுதியில் பழைய பண்ணை வீடுகளின் கூரை முகட்டில், குறுக்காகப் பொருத்திய இரண்டு பலகைகளின் நுனியைக் குதிரைத் தலையாகச் செதுக்கும் வழக்கம் உண்டு. ஹோல்ஸ்டைன் பகுதியில் அந்த இணையை மக்கள் ஹெங்கிஸ்ட், ஹார்ஸ் என்றே அழைத்தார்கள் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பதிவு செய்திருக்கிறார்கள்.

இதனால்தான் தொன்ம ஒப்பியல் அறிஞர்கள் சிலர் இவர்களை ரிக் வேதத்தின் அசுவினி தேவர்களோடும் கிரேக்கத்தின் காஸ்டர், போலக்ஸ் இரட்டையரோடும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மூன்று மரபுகளிலும் இருவர், மூன்றிலும் குதிரை. கிரேக்கக் கதையில் குதிரை பழக்குவதில் வல்லவனான காஸ்டர் இறந்துபோகிறான், போலக்ஸ் எஞ்சுகிறான். இங்கே ஹார்சா இறக்கிறான், ஹெங்கிஸ்ட் எஞ்சுகிறான். அப்படியானால் ஹார்சா ஒரு மனிதனாகப் பிறந்து கதையாக மாறியவன் அல்லன் என்றும், முன்பே இருந்த இரட்டைத் தெய்வக் கதை ஒன்று ஒரு குடியேற்றத்தின் மீது படர்ந்தபோது மனித வடிவம் பெற்றவன் என்றும் கொள்வதே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. மறுப்பவர்களும் இருக்கிறார்கள், குதிரைப் பெயர் வைத்துக்கொண்ட மெய்யான தலைவர்கள் இருந்திருக்கக் கூடாதா என்று அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு.

கிளைடர்களின் பக்கம் வந்தால், கதையில் நடந்தது இங்கே தலைகீழாகிவிட்டதைக் காணலாம். கதையில் அரியணை ஏறியவன் ஹெங்கிஸ்ட். கிளைடர்களில் ஹெங்கிஸ்ட் என்பது, ஹார்சா வடிவமைப்பு தோற்றுப்போனால் கைகொடுக்கட்டும் என்ற முன்னெச்சரிக்கையில் ஸ்லிங்ஸ்பி நிறுவனம் கட்டியது. பதினைந்து வீரர்களை ஏற்றக்கூடிய அது மொத்தம் 18 மட்டுமே கட்டப்பட்டு, ஒரு போரையும் காணாமல் ஒதுக்கப்பட்டது. கதையில் முதலில் மடிந்த தம்பியின் பெயரைத் தாங்கிய, ஏர்ஸ்பீடு நிறுவனத்தின் ஹார்சாவோ 3,600-க்கும் மேல் கட்டப்பட்டு, நார்வே முதல் ரைன் ஆற்றங்கரை வரை சென்றது.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஹார்சா என்றாலே குதிரை என்பதைப் படித்தபோது எனக்கு மெய்யாகவே சிலிர்த்தது. ஹாட்ஸ்பரும் குதிரைவீரரின் பட்டப்பெயர் என்றால், ஐந்து பெயர்களில் மூன்று குதிரையோடு தொடர்புடையவை ஆகின்றன. 1944-இல் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கியபோது, ஹார்சா கிளைடர்களில் வந்தவர்கள் கைப்பற்றிய பாலத்துக்குப் பெகாசஸ் என்று கிரேக்கக் கதையின் சிறகு முளைத்த குதிரையின் பெயரே வழங்குகிறது. இந்தப் பெயர் அந்தக் கிளைடரின் பெயரைத் தழுவி வைக்கப்பட்டதா?

மறுமொழி 3

இல்லை நண்பரே, அது வேறு வழியில் வந்த பெயர். பிரிட்டிஷ் வான்வழிப் படையினர் தோளில் அணிந்த சின்னத்தில், சிறகுள்ள பெகாசஸ் மீதேறி ஈட்டியோடு பாயும் பெல்லரோஃபோனின் உருவம் இருந்தது. வானில் குதிரையேறிச் சென்று கிமேரா என்ற கொடிய விலங்கைக் கொன்ற கிரேக்க வீரன் அவன். அந்தச் சின்னத்தை அணிந்தவர்கள் கைப்பற்றியதால் கான் கால்வாயின் மீதிருந்த பெனூவில் பாலம் பெகாசஸ் பாலம் ஆயிற்று. ஹார்சாவின் பெயரைப் பெற்றது அதற்குச் சிறிது தொலைவில், ஓர்ன் ஆற்றைக் கடக்கும் ரான்வில் பாலம். அன்றிரவு இரண்டையும் குறிவைத்தே கிளைடர்கள் அனுப்பப்பட்டன.

அந்த இரவைப் பற்றி எழுதாமல் இந்தக் கிளைடரை அறிமுகப்படுத்த என்னால் முடியாது. ஹார்சாவின் உடல் ஒட்டுப்பலகையால் ஆன நீண்ட உருளை, இறக்கையின் நீளம் ஏறத்தாழ 27 மீட்டர். மரவேலையில் தேர்ந்தவர்கள் தேவைப்பட்டதால் ஹாரிஸ் லீபஸ் போன்ற அறைகலன் நிறுவனங்களில் அதன் பகுதிகள் செய்யப்பட்டன. நேற்று வரை அலமாரியும் மேசையும் இழைத்த கைகள் இறக்கையின் விலா எலும்புகளை ஒட்டின. இரு பக்கமும் நீளவாக்கில் இருக்கை, அதில் முழங்காலோடு முழங்கால் இடிக்க எதிரெதிரே வீரர்கள், முன்னால் கண்ணாடி மூக்கில் இரண்டு விமானிகள். இழுவைக் கயிறு இறக்கைகளில் இரு இடங்களில் பிணைக்கப்பட்டு, முன்னே சென்று ஒன்றாகச் சேர்ந்திருக்கும். முகில் சூழ்ந்து இழுவை விமானமே கண்ணுக்குத் தெரியாமல் போனால், கயிறு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று காட்டும் சிறு கருவி ஒன்றையே நம்பிக் கிளைடரைச் சரியான நிலையில் பிடிக்க வேண்டும். பிடி தவறிக் கயிறு அறுந்தால், அதன் பிறகு தரையிறங்கும் இடத்தை விமானி தேர்ந்தெடுக்க இயலாது.

1944 ஜூன் 5 இரவு, மேஜர் ஜான் ஹோவர்டு தலைமையிலான வீரர்களை ஏற்றிக்கொண்டு ஆறு ஹார்சாக்கள் ஹாலிஃபாக்ஸ் விமானங்களின் பின்னே புறப்பட்டன. பிரான்சின் கரையைக் கடந்ததும், ஏறத்தாழ ஆறாயிரம் அடி உயரத்தில் கயிறு கழற்றப்பட்டது. முதல் கிளைடரை ஓட்டிய ஜிம் வால்வொர்க்கிடம் திசைகாட்டியும் நிறுத்துக் கடிகாரமும் இருந்தன, துணை விமானி நொடிகளைக் கணக்கிட்டுச் சொல்லச் சொல்ல, இத்தனை நொடி இந்தத் திசை, பிறகு திரும்பி இத்தனை நொடி அந்தத் திசை என்று மனப்பாடமாகப் பயின்ற வழியில் இருளில் இறங்கினார். பாலத்தைச் சுற்றியிருந்த முள்வேலிக்குள் கிளைடரின் மூக்கைக் கொண்டுபோய்ச் செருக முடியுமா என்று ஹோவர்டு முன்பே அவரிடம் கேட்டிருந்தார். நள்ளிரவு கடந்து 16 நிமிடத்தில், பாலத்திலிருந்து 50 மீட்டருக்கும் குறைவான தொலைவில், அந்த மூக்கு முள்வேலியைத் தைத்து நின்றது. இரண்டு விமானிகளும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே தூக்கி எறியப்பட்டார்கள். ஏறத்தாழ பத்தே நிமிடங்களில் பாலம் கைப்பற்றப்பட்டது.

இந்த ஒரு வெற்றியை மட்டும் வைத்துக் கிளைடர்ப் போரை எடைபோட்டுவிடக் கூடாது என்பதையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டும். ஹார்சாவின் முதல் போர்ப்பணி 1942 நவம்பர் 19 அன்று, அணு ஆய்வுக்கு வேண்டிய கனநீரைத் தயாரித்த நார்வேயின் வெமோர்க் ஆலையை அழிப்பதற்காக நடந்தது. சென்ற இரண்டு கிளைடர்களும் மோசமான வானிலையில் விழுந்து நொறுங்கின, உயிர் தப்பியவர்களையும் ஜெர்மானியர்கள் பிடித்துக் கொன்றுவிட்டார்கள். 1943 ஜூலையில் சிசிலித் தீவின் மீது நடந்த இறக்கத்தில், பெரும்பாலும் ஹேட்ரியன் கிளைடர்களே சென்றன. காற்று எதிராக வீசிய அந்த இரவில் கரைக்கு வெகு தொலைவிலேயே கயிறு கழற்றப்பட்டதால் பல கிளைடர்கள் கடலில் விழுந்து, இருநூறுக்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்தார்கள். எஞ்சின் இல்லாத ஊர்திக்கு இரண்டாம் வாய்ப்பு என்று ஒன்று கிடையாது. தரையிறங்கிய பிறகும் இந்த விமானிகளுக்கு ஓய்வில்லை, துப்பாக்கியை எடுத்துக்கொண்டு காலாட்படையோடு சேர்ந்து போரிடவே அவர்கள் பயிற்றுவிக்கப்பட்டிருந்தார்கள்.

மறுமொழி 4

ஹமில்கரைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்பதால் நான் எழுதுகிறேன். இவர் தொன்மம் அல்லர், வட ஆப்பிரிக்காவின் பழைய நகரமான கார்தேஜின், நன்கு ஆவணப்படுத்தப்பட்ட படைத்தலைவர், ஹானிபலின் தந்தை. அவருடைய பட்டப்பெயரான பார்க்கா என்பதற்கு மின்னல் என்று பொருள். கி.மு. 247-இல் சிசிலியில் படைப்பொறுப்பை ஏற்றவர், பெரும்படையோடு நேருக்கு நேர் மோதுவதைத் தவிர்த்து, மலையுச்சிகளைப் பிடித்துக்கொண்டு, எதிர்பாராத நேரத்தில் பாய்ந்து தாக்கி விலகி, உரோமர்களை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தார். ஒன்பது வயது ஹானிபலை வேள்விப் பீடத்தின் முன் நிறுத்தி, உரோமோடு என்றும் நட்புக் கொள்வதில்லை என்று சூள் உரைக்க வைத்தவரும் இவரே.

திடீரெனப் பாயும் படைக்கு இவர் பெயர் பொருந்தும்தான், ஆனால் இந்தப் பெயரைத் தாங்கிய கிளைடர் மின்னலைப் போன்றது அன்று. ஏறத்தாழ 33 மீட்டர் இறக்கை கொண்ட, மரத்தாலான அந்தப் பேருருவம் ஏழு டன்னுக்கும் மேற்பட்ட எடையைச் சுமக்கும். டெட்ரார்க் என்ற இலகு ரக டாங்கியை முழுதாக உள்ளே வைத்துக்கொண்டு பறப்பதற்கென்றே அது வடிவமைக்கப்பட்டது. தரையைத் தொடுவதற்கு முன்பே வானில் டாங்கியின் எஞ்சினை முடுக்கிவிடுவார்கள், புகையை வெளியேற்றத் தனிக் குழாய்கள் உண்டு. கிளைடர் நின்ற கணத்தில் டாங்கி முன்னோக்கி நகர, மூக்குக் கதவு திறந்து வழிவிடும். 1944 ஜூன் 6 மாலை நார்மண்டியில் அப்படி இறங்கிய டாங்கிகளில் பல, வயலெங்கும் கிடந்த பாராசூட் கயிறுகள் சக்கரங்களில் சுற்றிக்கொண்டதால் நகர முடியாமல் நின்றன என்பதைப் படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. இரும்பை வானில் சுமந்துவர வழி கண்டவர்களுக்கு மெல்லிய கயிறு தடையாகும் என்று யார் நினைத்திருக்க முடியும்?

ஹெங்கிஸ்ட் கதையை விரிவாக எழுதியவருக்கு ஒரு சிறு கூடுதல். ஒரு தோல் சூழும் அளவு நிலம் போதும் என்று கேட்டு வாங்கி, மாட்டுத்தோலை மெல்லிய வாராக அறுத்து ஒரு கோட்டைக்கு வேண்டிய நிலத்தையே ஹெங்கிஸ்ட் வளைத்துக்கொண்டதாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் மான்மத் ஜெஃப்ரி எழுதியிருக்கிறார் அல்லவா? கார்தேஜ் நகரை நிறுவிய டைடோ அரசியின் கதையிலும் இதே தோல், இதே தந்திரம் வருகிறது. சாக்சன் தலைவனும் ஹமில்கரின் ஊரும் ஒரே கதையைப் பகிர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

மறுமொழி 2 எழுதியவர்

தோல் கதையை நினைவூட்டியதற்கு நன்றி ஐயா, டைடோவின் கதையை அறிந்த ஜெஃப்ரி அதை எடுத்து ஹெங்கிஸ்டுக்குச் சூட்டியிருக்க வேண்டும் என்றே நானும் கருதுகிறேன்.

ரான்வில் பாலத்தைப் பற்றிப் படித்ததும் பீட் எழுதிய ஒரு வரியை மீண்டும் எடுத்துப் பார்த்தேன். போரில் மாண்ட ஹார்சாவின் பெயரைத் தாங்கிய நினைவுச்சின்னம் கெண்ட் நாட்டின் கிழக்குப் பகுதியில் தம் காலத்திலும் இருக்கிறது என்று அவர் குறிப்பிடுகிறார். அந்தச் சின்னம் எது என்று இன்று எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. எயில்ஸ்ஃபோர்டுக்கு அருகே வெள்ளைக் குதிரைக் கல் என்று ஊரார் சொல்லும் ஒரு பாறை மட்டும் நிற்கிறது, அதுவும் பிற்கால நம்பிக்கையே. கேள்வி கேட்ட நண்பர் மாதிரிகள் செய்பவர் என்பதால் கடைசியாக ஒன்று சொல்கிறேன். ரான்வில்லில் உள்ள பெகாசஸ் நினைவு அருங்காட்சியகத்தின் வெளியில், பெனூவில்லில் இருந்து பெயர்த்து எடுத்து வந்த பழைய பாலத்தின் அருகே, 2004-இல் திறந்துவைக்கப்பட்ட ஹார்சாவின் முழு அளவு மாதிரி ஒன்று நிற்கிறது. உங்கள் மேசையில் உள்ளதன் கண்ணாடி மூக்கைச் சரிபார்க்க அதன் படங்களைத் தேடிப் பாருங்கள், சட்டங்களின் எண்ணிக்கை வரை எண்ணிக்கொள்ளலாம்.